மரியாதை வெட்டு

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பட்டன். சட்டையில் இருக்கிற பட்டன் இல்லை. கைபேசித் திரையின் அடியில், ஆரஞ்சு நிறத்தில், யாராவது தொடமாட்டார்களா என்று காத்துக் கிடக்குமே, அந்தப் பட்டன். அதன்மேல் என்ன எழுதுவது என்பதுதான் அவளுடைய வேலை.

சிகிச்சைக்கு வழியில்லாதவர்களுக்காக ஊரெல்லாம் கேட்டு வாங்கித் தருகிற நிறுவனம் அது. நோயாளியின் கதையை எழுதுவதும் அவள்தான். ஆனால் கதையை முழுசாகப் படிக்கிறவர்கள் குறைவு. கடைசியில் விரல் பட்டனில் படுகிறதா இல்லையா, அதுதான் பேச்சு. 'நன்கொடை அளிக்க' என்று போட்டால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 'இப்போதே உதவுங்கள்' என்றால் பார்ப்பார்கள், பிறகு உதவலாம் என்று போய்விடுவார்கள். 'இந்தக் கையை விட்டுவிடாதீர்கள்' என்று அவள் ஒருமுறை எழுதியபோது, மேடம் தன் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்து அவள் தோளைத் தட்டினார். மேடம் எழுந்து வருவது லேசில் நடக்கிற காரியம் இல்லை.

மதிய இடைவேளையில் எல்லாரும் டப்பாவைத் திறந்தால் அவள் புத்தகத்தைத் திறப்பாள். எங்கோ பனி பெய்கிற நாடுகளில் யாரோ எழுதி, வேறு யாரோ நம் மொழிக்குக் கொண்டுவந்த தடித்த நாவல்கள். அவற்றில் ஒருவன் ரயிலுக்காகக் காத்திருப்பான், எண்பது பக்கம் போயும் ரயில் வராது, அவளுக்கு அலுக்காது. தன் வேலையும் ஒரு விதத்தில் நாவல் எழுதுவதுதான் என்று அவளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. வெளியே சொன்னதில்லை. முடிவை மட்டும் படிக்கிறவரிடம் விட்டுவிடுகிற நாவல். பட்டனைத் தொட்டால் ஒரு முடிவு, தொடாவிட்டால் வேறொரு முடிவு.

மரியாதை வெட்டு என்று அலுவலகத்தில் எல்லாரும் சொன்ன அந்த விஷயம் ஒரு தவறில்தான் பிறந்தது.

ஒரு கொத்தனாருக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை. வந்த விவரத்தில் நாற்பத்தெட்டு என்பதற்குப் பதில் வயது பதினெட்டு என்று அச்சாகியிருந்தது. படத்திலோ அந்த மனிதர் முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு படுத்திருந்தார். யாரோ பையன் என்று நினைத்து, 'அவன்' என்றே முழுக்க எழுதி அனுப்பிவிட்டாள். மறுநாள் கொத்தனாரின் மனைவி போன் செய்து, "எங்க வீட்டுக்காரர் வயசு தப்பா போட்டிருக்குங்க" என்றார். அதை மட்டும்தான் சொன்னார்.

பதறிப்போய் உடனே வயதைச் சரிசெய்தாள்; பிறகு எல்லாவற்றையும் 'அவர்' என்று திருத்தினாள். எந்தத் திருத்தம் செய்தாலும் பழையதைப் பாதிப் பேருக்கும் புதியதைப் பாதிப் பேருக்கும் அனுப்பிப் பார்ப்பது அங்கே வழக்கம். எது அதிகம் கொண்டுவருகிறது என்று பார்க்கிறவனுக்குக் கால்குலேட்டர் என்று பெயர். அவன் அடுத்த நாள் காலை அவள் மேஜைமேல் சாய்ந்து நின்றான்.

"பட்டன், உன் தப்பு ஜெயிச்சிருச்சு."

"எந்தத் தப்பு? நிறைய இருக்கே."

"கொத்தனார். அவன்னு போனதுக்கு வந்ததுல பாதிகூட அவர்னு போனதுக்கு வரல."

"சும்மா சொல்லாதே."

"நான் சொல்லல, நம்பர் சொல்லுது. யோசிச்சுப் பாரு. அவர்னு சொன்னா ஆளு எழுந்து நிக்கிறாரு. அவன்னு சொன்னா கீழ விழுந்து கெடக்கான். நிக்கிறவரை யாராவது தூக்குவாங்களா?"

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் பின்னாளில் அவளுக்குக் காது மடல் சூடாகும். அப்போது சிரிப்புத்தான் வந்தது.

வேறு நோயாளிகளுக்கும் செய்து பார்த்தார்கள். பெண் என்றால் 'அவள்'. எல்லாவற்றிலும் பலித்தது. ரொம்ப வயதானவர்களுக்கு மட்டும் பலிக்கவில்லை. அங்கே ஜனங்களுக்கே கூசியது போலிருக்கிறது. ஆகவே தாத்தா பாட்டிகளை விட்டுவிட்டு மற்றவர்களுக்கெல்லாம் என்று ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. "இந்தக் கேஸுக்கு மரியாதையை வெட்டியாச்சா?" என்று மேடம் கேட்பார். "வெட்டியாச்சு மேடம்" என்பாள். வரவேற்பில் இருக்கும் பெண் லீவு கேட்டு மறுக்கப்பட்டபோது, "என் மரியாதையை வெட்டிட்டாவது ரெண்டு நாள் குடுங்க மேடம்" என்று சொல்ல, அலுவலகமே உருண்டு சிரித்தது.

அவளிடம் அதற்கொரு நியாயமும் இருந்தது. நாவல்களில் எல்லாரும் அவன், அவள்தானே? பெரிய மருத்துவரும் அவன், நீதிபதியும் அவன். அது அவமதிப்பா? நெருக்கம் அல்லவா? இப்படி நினைத்துக்கொண்டால் மனசு லேசாகிவிடும். மதியச் சாப்பாடும் இறங்கும்.

அவளுடைய அக்காவின் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அந்தப் பள்ளிக் கார்களில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளச் உண்டு. மாமா அங்கேதான் உட்காருவார். மீசை அரும்பாத பையனிடமும், "கிளச்சை மெதுவா விடுங்க. பயப்படாதீங்க. சுவர் நகராது, நீங்கதான் நகரணும்" என்றுதான் பேசுவார். ஏன் மாமா சின்னப் பசங்களுக்கெல்லாம் வாங்க போங்க என்று கேட்டால், "ஸ்டியரிங் அவங்க கையில இருக்கு. என் உயிரும் அங்கதான் இருக்கு. உயிரை வச்சிருக்கிறவங்களைப் போய் நீன்னு சொல்ல முடியுமா?" என்பார்.

உலகத்தில் அவர் 'நீ' என்று சொன்னது மூன்று பேரைத்தான். அக்காவை, மகள் குட்டியை, அப்புறம் இவளை. அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது இவள் பள்ளிக்கூடப் பையைச் சுமந்துகொண்டிருந்தாள். அன்றிலிருந்து "ஏய் கழுதை, வா", "சாப்டியா நீ", "போடி, பொய் சொல்லாதே" என்பதுதான். அப்பா சீக்கிரம் போய்விட்ட வீட்டில், அதட்டிப் பேச ஓர் ஆண்குரல் கிடைத்ததில் அவளுக்கு ரகசியமாக ஒரு சந்தோஷம்.

மாமாவின் வலது கால்தான் முதலில் சொன்னது. ஒரு நாள் பயிற்சியில் இருந்தவர் குறுக்கே வந்த சைக்கிளைப் பார்த்து உறைந்துபோக, மாமா தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். மிதித்ததாகத்தான் நினைத்தார். கால் பிரேக்கின்மேல் இல்லை. சைக்கிள்காரர் தானாகவே விலகிக்கொண்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாமா வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, இறங்கி, நேராகப் போய் முதலாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். முதுகுத்தண்டில் நரம்பு நசுங்குகிறது, சீக்கிரம் அறுவை செய்யாவிட்டால் கால் திரும்பாது என்றார் டாக்டர்.

"ஊர்ல இருக்கிற எல்லாருக்கும் எழுதறே. உங்க மாமாவுக்கு நாலு வரி எழுத மாட்டியாடி?" என்றாள் அக்கா.

"அதெல்லாம் வேணாம்" என்றார் மாமா. "என்கிட்டக் கத்துக்கிட்டவங்க முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

"மாமா, கேட்கிறது வேற, கெஞ்சறது வேற. நான் கேட்கத்தான் போறேன். தலை நிமிர்ந்து கேட்கிறேன். என்மேல சத்தியம்."

"உன்மேல வேணாம். பரீட்சைக்குப் படிச்சிட்டேன்னு அப்படித்தான் சத்தியம் பண்ணினே. மார்க் வந்தப்பப் பார்த்தேனே."

எழுதியதை அவரிடமே கொண்டுபோய்ப் படித்துக் காட்டினாள். ஊருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அவர் மீண்டும் தன் இருக்கைக்குத் திரும்ப நம் துணை வேண்டும். பட்டனில், 'அவர் எழுந்து நிற்க உதவுங்கள்'. மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"எல்லாம் சரி. அந்தப் பரிதாபம்னு வர்ற இடத்தை மட்டும் எடுத்துடு."

"பரிதாபம்னு ஒரு வார்த்தையே இல்லியே மாமா."

"இல்லியா?" அவர் கண்ணைத் திறந்தார். "கேட்கும்போது இருந்த மாதிரி இருந்துச்சு."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி போடு என்றார்.

போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. பணம் வரவே இல்லை என்று இல்லை; குழாயில் காற்று வருகிற மாதிரி வந்தது. கால்குலேட்டர் வந்து நின்றான்.

"உன் கேஸு தூங்குதே. வெட்டிப் பார்ப்போமா?"

"அவரு என் மாமா."

"கொத்தனாரும் யாருக்கோ மாமாதான்" என்றான் அவன். குத்திக் காட்டவில்லை. பேனாவைக் காதில் செருகிக்கொண்டே, மழை வரும் போலிருக்கிறது என்பதைப் போலச் சொல்லிவிட்டுப் போனான்.

அன்று பிற்பகல் அக்கா போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்துவிட்டார்களாம். விட்டால் அடுத்த தேதிக்கு ரொம்ப நாள் ஆகுமாம். அதைச் சொன்ன பிறகும் அக்கா போனை வைக்கவில்லை.

"என்னக்கா?"

"குளிக்கும்போது வெந்நீரைக் கால்ல கொட்டிக்கிட்டிருக்காருடி. தெரியவே இல்லையாம். தோல் சிவந்து உரிஞ்சதைப் பார்த்துட்டு, இது யாரு காலுன்னு என்னைக் கேட்கறாரு. ஜோக்காம்."

போனை வைத்துவிட்டு அவள் மாமாவின் பக்கத்தைத் திறந்தாள். 'கற்றுக்கொடுத்தவர்' என்பதில் கடைசி எழுத்தை எடுத்துவிட்டு 'ன்' வைத்தாள். 'அமர்ந்திருக்கிறார்' என்பதை 'கிடக்கிறான்' ஆக்கினாள். முதல் வரியில் கை நடுங்கியது. மூன்றாவது வரியில் பழகிவிட்டது. பிறகு, வெட்டுவதோடு நிற்காமல், ஆரம்பத்தையே புதிதாக எழுதினாள்: 'அவன் பிரேக்கை மிதித்தான். கால் அங்கே இல்லை.'

எழுதிவிட்டு ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். நல்ல வரி. அவள் இதுவரை எழுதியதிலேயே நல்ல வரி. தடித்த நாவல் ஒன்றின் முதல் வரியாக இருக்கத் தக்கது. உள்ளே குளுகுளுவென்று ஒரு சந்தோஷம் ஓடியது. அதுதான் அவளால் அப்புறம் எப்போதும் மன்னிக்க முடியாமல் போனது. வெட்டியதைக்கூட அக்காவின் குரலைச் சொல்லிச் சமாளிக்கலாம். அந்தச் சந்தோஷத்துக்கு யாரைச் சொல்வது?

பட்டனில் 'அவனைத் தூக்கிவிடுங்கள்' என்று போட்டாள். கால்குலேட்டரைக் கூப்பிட்டாள்.

"என் போன்ல இருக்கிற நம்பர் எல்லாத்தையும் இந்தப் பாதியிலேர்ந்து எடுத்துடு. அவங்களுக்கெல்லாம் பழசே போகட்டும்."

"ஏன், வெட்கமா?"

"சும்மா சொன்னதைச் செய்யேன்."

மடை திறந்துவிட்டது. மறுநாள் அக்கா போனில் அழுதாள். "யார் யாரோ குடுக்கறாங்கடி. முன்னப்பின்ன பார்க்காதவங்க. உன் எழுத்துல என்னமோ இருக்கு." அவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டாள். எதிரே கால்குலேட்டர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

விடுமுறை நாளில் அக்கா வீட்டுக்குப் போனாள். மாமா முன்னறையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். வெந்நீர் பட்ட காலில் துணி சுற்றியிருந்தது. "வா கழுதை. உன் பேரைச் சொல்லித்தான் உங்கக்கா இன்னிக்கு அடுப்பையே மூட்டினா" என்றார். அக்கா உள்ளே மிக்ஸியில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தாள். குட்டி தெருவில் விளையாடப் போயிருந்தாள்.

அப்போதுதான் அந்த அம்மாள் வந்தார். மருந்துக்கடை வைத்திருப்பவர்; மாமாவிடம் ஓட்டக் கற்றுக்கொண்டு, பின்னால் எடுக்கத் தெரியாமல் நாலு முறை தேர்வில் தோற்றவர். மாமா அவரை ரிவர்ஸ் மேடம் என்பார். முகத்துக்கு நேராகத்தான் சொல்வார். அந்த அம்மாளும் கோபித்துக்கொண்டதில்லை.

"சார், இப்பவும் நான் ரிவர்ஸ் எடுத்தா தெருநாய்கூட எழுந்து போயிடுது" என்று சொல்லிக்கொண்டே பழப்பையை வைத்தார். மாமா சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கைபேசியை எடுத்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். இது நீங்கதானா? படத்தைப் பார்த்துத்தான் அழுத்தினேன். அப்புறம் உட்கார்ந்து படிச்சா உடம்பெல்லாம் எரியுது. கேளுங்க. 'அவன் பிரேக்கை மிதித்தான். கால் அங்கே இல்லை. ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன், இன்று சொந்த வீட்டு வாசலுக்கு நடக்க முடியாமல் கிடக்கிறான்.' கிடக்கிறானாம்! சார் என்ன மூட்டையா கிடக்கறதுக்கு? கீழே பட்டன் வேற. 'அவனைத் தூக்கிவிடுங்கள்'. எவன் எழுதினான்னு தெரியல. அவன் வீட்டுப் பெரியவங்களை இப்படித்தான் எழுதுவானா அவன்?"

மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது. அவளுக்கு அந்தச் சத்தம் நிற்கக் கூடாது என்று ஒரே ஒரு பிரார்த்தனை.

"குடுங்க, பார்க்கறேன்" என்றார் மாமா.

வாங்கி, தானே படித்தார். கட்டைவிரலால் மெல்ல மெல்லத் தள்ளி, அடிவரை. திரும்ப மேலே போய் ஒருமுறை. வண்டி எடுக்கும்முன் பின்னால் பார்க்கிற கண்ணாடியை அவர் இப்படித்தான் பார்ப்பார், அவசரமில்லாமல். பிறகு கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"எழுதினவங்களுக்கு என்ன அவசரமோ" என்றார். "நீங்க குடுத்தீங்கல்ல மேடம். எனக்கு அது பெரிசு. ரொம்ப நன்றி."

"அதுக்கில்ல சார்..." அந்த அம்மாள் அப்போதுதான் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருப்பதைக் கவனித்தார். "இது யாரு சார்?"

"இவங்க என் மச்சினி. ஆபீஸ்ல வேலை பார்க்கிறாங்க."

இவங்க. பார்க்கிறாங்க. அன்னியர் முன்னால் வீட்டுப் பெண்ணை மரியாதையாகச் சொல்வதுதான் என்று அவள் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"ஆபீஸ்லயா? அப்ப நல்லா எழுத வருமே உனக்கு" என்றார் அந்த அம்மாள். "நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி அந்தக் கம்பெனிக்கு நாலு வரி எழுதிப் போடும்மா. உங்க வீட்டு மனுஷரை இப்படிப் போட்டிருக்கான், பார்த்துக்கிட்டா இருப்பே?"

"சரிங்க" என்றாள். வேறு என்ன சொல்வது?

அந்த அம்மாள் கிளம்பிப் போனார். வெளியே ரிவர்ஸ் எடுக்கிற சத்தமும், யாரோ "ஏய், ஏய்" என்று கத்துகிற சத்தமும் கேட்டன. வேறொரு நாளாக இருந்தால் மாமா விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

"மாமா" என்றாள். "அது... கதையில எல்லாம் அப்படித்தான் மாமா எழுதுவாங்க. பெரிய பெரிய புத்தகத்துல எல்லாரும் அவன்தான். நெருக்கமா இருக்கணும்னு..."

"இருக்கலாம். கதையில இருக்கிறவங்க அதைப் படிக்கிறதில்லியே."

கதையில் வருகிறவர்களுக்குக்கூட அவர் 'ங்க' போட்டார்.

"நான் இப்பவே நிறுத்திடறேன் மாமா."

"நிறுத்தினா?"

"இன்னொண்ணு இருக்கு. உங்ககிட்டப் படிச்சுக் காட்டினேனே, அது. அது கொஞ்சம் மெதுவா வரும்."

"டாக்டர் குடுத்த தேதி மெதுவா வருமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க" என்றார் மாமா. "ரெண்டுல எது அதிகமாக் கொண்டு வருது?"

சொல்லுங்க என்றது பேச்சோடு பேச்சாக வந்திருக்கும் என்று முதலில் நினைத்தாள்.

"அவன்னு போட்டது."

மாமா துணி சுற்றிய தன் காலைப் பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல, கொஞ்சம் இரக்கத்தோடு.

"அப்போ அவனையே அனுப்புங்க" என்றார். "அவர் வீட்டுல இருக்கட்டும்."

"என்னைத் திட்டிடுங்க மாமா. அடிச்சாக்கூடப் பரவாயில்ல."

"எதுக்குத் திட்டணும்? எனக்காகத்தானே செஞ்சீங்க." குரலில் கோபம் இல்லை. கிளச்சைத் தவறாக விட்ட புதியவரிடம் பேசுகிற அதே குரல். "அக்காவுக்குத் தெரிய வேணாம். அவ மனசு தாங்காது. போய்ச் சாப்பிடுங்க."

அவளுக்கு இப்போது சந்தேகம் இல்லை.

மறுநாள் அலுவலகத்துக்குப் போய் மாமா சொன்னபடியே செய்தாள். 'அவர்' என்று இருந்ததை நிறுத்தினாள். ஒரு தட்டுத்தான், கணக்காக ஒரு சொல்கூட மிச்சம் இல்லாமல் அந்தப் பக்கம் மறைந்தது.

"மாமாவே ஒத்துக்கிட்டாரா?" என்றான் கால்குலேட்டர்.

"ம்."

"நல்ல மனுஷன்பா."

அன்றைக்கே இன்னொரு விவரம் அவள் மேஜைக்கு வந்தது. இரண்டு பிள்ளைகளின் தாய், சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர், கழுத்தில் கட்டி. அவள் 'அவர்' என்று எழுதினாள். ஒவ்வொரு வினையின் வாலிலும் 'ஆர்' இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தாள். இனிமேல் இப்படித்தான் என்று தீர்மானித்துக்கொண்டாள். தீர்மானித்தவுடன் ஏதோ கழுவித் துடைத்தாற்போலக்கூட இருந்தது. மேடம் திரையை எட்டிப் பார்த்தார்.

"வெட்டலையா?"

"இல்ல மேடம். இது இப்படியே போகட்டுமே."

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். திட்டவில்லை. "உங்க மாமாவுக்குன்னா வெட்டுவே. அந்தப் பொண்ணுக்கு மட்டும் நியாயம் பேசுவியா? அவளுக்கும் தேதி இருக்கு பட்டன். உனக்கு மனசு சுத்தமா இருக்கணும்கிறதுக்காக அவ காத்துக்கிட்டு இருக்கணுமா?"

மேடம் பேசியதில் தப்பு எங்கே என்று தேடினால் தப்பு அவளிடம்தான் வந்து நின்றது. மேடம் எழுந்து போகிறவரை பொறுத்திருந்து, வெட்டினாள். முதல் வரியில் கை நடுங்கும் என்று எதிர்பார்த்தாள். நடுங்கவில்லை.

மாமாவுக்கு அறுவை குறித்த தேதியில் நடந்தது. நான்கைந்து நாள் பயமாகவே போயிற்று. பிறகு ஒரு காலையில் அக்கா போனில், "அசையுதுடி! கட்டைவிரல் அசையுது! நர்ஸ் கிச்சுகிச்சு மூட்டினா கால இழுத்துக்கறாரு!" என்று கத்தினாள். அவள் அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷம்தான். அதிலே பொய் இல்லை.

வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு பார்க்கப் போனாள். மணியை அழுத்தியதும் உள்ளே ஏதோ தரையில் ஊன்றி ஊன்றி வருகிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்தது மாமாதான். நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, தன் சொந்தக் காலில் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க" என்றார். "உள்ள வாங்க. உட்காருங்க."

அக்கா ஈரக்கையைத் துடைத்தபடி ஓடி வந்தாள். முகம் பூரித்துக் கிடந்தது.

"இந்தக் கூத்தைக் கேளுடி. ஆஸ்பத்திரியிலேர்ந்து பார்க்கிறேன், உன்னைப் பத்திப் பேசினா வந்தாங்க, சொன்னாங்கன்னுதான் வருது இவருக்கு. என்னங்க, நேத்து வரைக்கும் கழுதைன்னு கூப்பிட்டுட்டு இன்னிக்கு என்ன புதுசான்னேன். என்ன சொன்னாரு தெரியுமா?"

"என்ன சொன்னார்?"

"பெரிய வேலை பார்க்கிறாங்க, மரியாதை குடுக்கணும்னாரு! பக்கத்து வீட்டுல, மாடி வீட்டுல எல்லாம் சொல்லிட்டேன். என் தங்கச்சிக்கு என் வீட்டுக்காரர் குடுக்கற மரியாதையைப் பாருங்கன்னு."

அவள் மாமாவைப் பார்த்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்துகொண்டிருந்தார். பாதத்தைத் தூக்கு, இறக்கு. தூக்கு, இறக்கு. முகத்தில் குத்தலோ வன்மமோ எதுவும் இல்லை. ஏதாவது இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

"மாமா" என்றாள், அக்கா பக்கத்தில் இருப்பதையும் மறந்து. "எப்பவும் போல நீன்னே சொல்லுங்க மாமா. ஒரே ஒரு தடவை."

மாமா பயிற்சியை நிறுத்தினார். நிஜமாகவே முயன்றார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. உதடு பிரிந்தது. பிறகு சங்கடமாகச் சிரித்தார்.

"தனியா இருக்கும்போது சொல்லிப் பார்த்தேங்க" என்றார். "வரமாட்டேங்குது."

"பார்த்தியா, பார்த்தியா!" என்று அக்கா கைகொட்டிச் சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்துக் குட்டி தெருவிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள். "ஏ, சித்தி! வா, வா, உனக்கு ஒண்ணு காட்டறேன் வா..."

"என்னடி வா? அப்பாவே சித்தியை வாங்கன்னு சொல்றாரு, நீ என்ன வா போன்னு?" அக்கா செல்லமாக அதட்டினாள். "ஒழுங்கா மரியாதையாக் கூப்பிடு."

குட்டி அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"வாங்க சித்தி" என்றாள்.

அவள் குழந்தையைத் தூக்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினாள். குட்டி வரவில்லை. பெரியவர்கள் வந்தால் எப்படி நிற்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்களோ, அப்படியே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.